இன்பக் கடற்பயணமும் ஆயத்தக் கடமையும்: ஓர் அறவியல் நோக்கு

தண்ணீரூற்று நன்னீரால் பெயர்பெற்ற ஊர். நிலத்திலிருந்து ஊறும் நீரும், அதனருகே கோயில்கொண்ட ஊற்றங்கரைப் பிள்ளையாரும், வயலும் தோட்டமுமே எமது உலகம். முல்லைத்தீவுக் கடல் சில மைல் தொலைவிலேயே இருப்பினும் அது எமக்கு அயலவரின் கடலே. ஆண்டுக்கொருமுறை, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முன்னதாக, சிலாவத்தைக் கரையிலே கடல்நீர் தீர்த்தமாக எடுக்கப்படும். முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரில் விளக்கெரியும். அந்நாட்களில் மட்டுமே கடல் எமது ஊருக்குள் வருகின்றது. இத்தகைய ஊரிற் பிறந்தவன் கடற்பயணத்தின் அறம்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவித்தல் கூடும். ஆயினும் கடலிற் செல்பவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் இடையேயுள்ள கடப்பாடே இக்கட்டுரையின் பொருள் ஆதலால், கரையிலிருந்து எழுதுவது முற்றிலும் தகாததன்று என எண்ணுகின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட வினா இது: பிழைப்பின்பொருட்டன்றித் தன் மனமகிழ்ச்சியின்பொருட்டே நெடுந்தூரக் கடற்பயணம் மேற்கொள்ளும் ஒருவன், உயிர்காப்பு அங்கி, உயிர்காப்புத் தெப்பம், சமிக்ஞை வாணம், வானொலிக் கருவி முதலியவற்றோடு ஆயத்தமாகச் செல்லவேண்டும் என்பது வெறும் புத்திமதியா, அன்றி அறக்கடமையா? கடமையெனின், அது யாருக்குச் செலுத்தவேண்டிய கடமை?

இவ்வகைப் பயணம் மேனாட்டுச் செல்வரின் பொழுதுபோக்கு, எமக்கு அதனோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன், வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை விரும்பி வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், எமது மாலுமிகள் செலுத்த, சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இதனை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அப்பெருமைக்குள் மறைந்திருக்கும் ஓர் உண்மையையும் காணவேண்டும். ஒருவரின் இன்பத்துக்கான கலத்தைக் கூலிக்காகக் கடல் கடத்தியவர்கள் வேறு சிலர். ஒருவனது விருப்பத்தால் எழும் ஆபத்தை மற்றொருவன் தோளிற் சுமப்பது இத்துறையிலே தொடக்கமுதல் உள்ளதுதான். இன்றும் இந்து சமுத்திரத்தைக் கடக்கும் உல்லாசப் பாய்க்கலங்கள் காலியிலும் திருகோணமலையிலும் தங்கிச் செல்கின்றன. அவற்றுள் ஒன்று வழியில் இடருற்றால் முதலிற் காணக்கூடியவர் எமது மீனவராகவே இருத்தல் கூடும்.

சுதந்திரத்தின் பெயரால் இவ்வினாவை அணுகுவோர் ஜோன் ஸ்ருவாட் மில்லைத் துணைக்கழைப்பர். 1859இல் வெளியான ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலில் அவர் பாலமொன்றை உதாரணமாகக் காட்டுகிறார். பழுதடைந்த பாலத்தில் ஒருவன் அறியாமற் கால்வைக்கப்போகும்போது, எச்சரிக்க நேரமில்லையெனில் அவனைப் பிடித்து நிறுத்தலாம். அவன் வீழ விரும்பவில்லை என்பது தெளிவு. ஆனால் வீழ்ச்சி உறுதியன்று, ஆபத்து மட்டுமே உண்டு என்னுமிடத்து, எச்சரிப்பதோடு நாம் நின்றுவிடவேண்டும். கடப்பதா இல்லையா என்பதை அவனே தீர்மானிக்கட்டும். தன்னைமட்டும் சார்ந்த செயலில் மனிதன் தனக்குத் தானே அரசன் என்பது மில்லின் கொள்கை. இதனை நான் மதிக்கின்றேன். எனினும் அவருடைய பாலத்தின் கீழே எவரும் நிற்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விழுபவனைத் தூக்க ஆற்றில் இறங்கும் கட்டாயம் எவருக்கும் அவ்வுதாரணத்திற் சொல்லப்படவில்லை. கடலில் அத்தகைய பாலம் கிடையாது.

மில்லின் கொள்கையை முழுமையாக வாழ்ந்து பார்த்தவர்கள் என்று மொறிஸ் பெய்லி, மரலின் பெய்லி என்ற ஆங்கிலத் தம்பதியரைச் சொல்லலாம். வீட்டை விற்றுப் பாய்க்கலம் வாங்கி நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்ட இவர்கள், வானொலிச் செலுத்தியொன்றைத் தம் கலத்தில் வைத்துக்கொள்ள மறுத்தனர். மறுத்தமைக்குப் பணமின்மை காரணமன்று. வெளியுலகின் தலையீடற்ற சுதந்திரத்தைக் காத்துக்கொள்வதே நோக்கம். 1973 மார்ச் 4ஆந் திகதி பசிபிக் கடலில் திமிங்கிலமொன்று மோதிக் கலம் மூழ்கியது. காற்றடைத்த தெப்பமும் சிறு தோணியுமே எஞ்சின. சட்டையிற் குத்தும் ஊசிகளை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்தனர். ஆமையையும் கடற்பறவையையும் பச்சையாக உண்டனர். ஏழு கப்பல்கள் அவர்களைக் காணாமற் கடந்து சென்றன. அவர்களிடமிருந்த சமிக்ஞை வாணங்களுட் சில எரியவே இல்லை. நூற்றுப் பதினேழு நாட்களின் பின்னர், 1973 யூன் 30ஆந் திகதி, கொரிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை எடுத்துக் காத்தது.

இக்கதையை வாசிப்போர் அத்தம்பதியரின் மனவுறுதியை வியப்பர். என் மனம் சென்றது அந்தக் கொரிய மீனவரிடம். நெடுநாள் தொழில் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தம் சுதந்திரத்திற் பிறர் தலையிடலாகாது என்று கருதி வானொலியைத் துறந்த இருவருக்காக, அச்சுதந்திரத்தைக் கனவிலும் அறியாத கூலித் தொழிலாளர் கப்பலை நிறுத்தினர். ‘நீங்கள் ஏன் வானொலி வைத்துக்கொள்ளவில்லை?’ என்று கேட்டுவிட்டு அவர்கள் கயிற்றை எறியவில்லை.

இவ்விடத்தில் எனக்கு நேர்ந்த ஓர் உரையாடலைக் கூறவேண்டும். பாடசாலையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன். அவனுடைய தந்தையார் சில ஆண்டுகளுக்கு முன், வாடைக்காற்றுக் காலத்தில், எஞ்சின் பழுதாகி இரண்டு இரவுகள் கடலில் மிதந்தார். அப்போது அவரிடம் உயிர்காப்பு அங்கி இருக்கவில்லை. நான் பல்கலைக்கழக விடுமுறையில் சென்றிருந்தபோது, படித்தவனுக்குரிய அதிகப்பிரசங்கத்தோடு, ‘மாமா, அங்கி இல்லாமற் போனது உங்கள் பிழைதானே?’ என்று கேட்டேன். அவர் வலையின் கண்ணிகளைப் பார்த்தபடியே மறுமொழி சொன்னார்:

“தம்பி, மிதக்கிறதுக்கு வள்ளம் கிடந்தது. பிழை அதிலை இல்லை. ரோச் லைற்றை நனைய விட்டிட்டன், அதுதான் பிழை. மூண்டு வள்ளம் என்னைத் தேடி வந்தது. ரெண்டு தரம் பக்கத்தாலை போச்சுது, சத்தம் கேட்டது. காத்துக்குள்ளை என்ரை சத்தம் அவங்களுக்குக் கேக்கேல்லை. லைற் எரிஞ்சிருந்தா முதல் இரவே அவங்கள் கரைக்குப் போயிருப்பாங்கள். அவங்களும் பிள்ளைகுட்டிக்காரர்.”

நான் வாசித்த எந்த நூலும் இவ்வளவு தெளிவாக இவ்விடயத்தை எனக்கு விளக்கவில்லை. கடலுக்குக் கொண்டுசெல்லும் கருவிகள் இருவகைப்பட்டன. ஒருவகை என்னை மிதக்கவைப்பவை: அங்கி, தெப்பம், குடிநீர், கலத்தின் தளத்தோடு உடலைப் பிணைக்கும் வார். மற்றவகை என்னைப் பிறர் கண்டுகொள்ள உதவுபவை: விளக்கு, வாணம், வானொலி, இடர்நிலையை அறிவிக்கும் செய்மதிக் கருவி. முதல்வகையை நான் எனக்காகச் சுமக்கின்றேன் என்று சொல்லலாம். அதனைத் துறப்பது என் உரிமை என்றும் ஒருவேளை வாதிடலாம். இரண்டாம்வகை என்னைத் தேடிவருபவனின் பொருள். அவனது இருளைக் குறைப்பதற்காக நான் முன்கூட்டியே சுமந்து செல்லும் விளக்கு அது. அதனை வீட்டில் விட்டுச் செல்லும்போது, இன்னும் முகமறியாத ஒருவனிடமிருந்து எதையோ பறித்துக்கொள்கிறேன்.

இன்று இக்கருவிகள் வியக்கத்தக்க நிலையை அடைந்துள்ளன. 1982இல் தன் முதலாவது மீட்புக்கு வழிசெய்த கொஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டுச் செய்மதி ஒழுங்கு, நடுக்கடலில் இயக்கப்படும் சிறுகருவியின் குறிப்பைக் கைப்பற்றிக் கரையிலுள்ள மீட்பு நிலையங்களுக்கு அறிவிக்கின்றது. 2018இல் ‘கோல்டன் குளோப்’ தனிப்பயணப் போட்டியிற் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் ரொமியின் கதை இதற்குத் தக்க சான்று. செப்ரெம்பர் 21ஆந் திகதி இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல்மைல் தொலைவில், புயலில் அவரது ‘துரியா’ கவிழ்ந்தெழுந்து பாய்மரத்தை இழந்தது. முதுகெலும்பிற் காயமுற்ற அவரால் எழுந்து நடக்க இயலவில்லை. செய்மதிக் கருவியும் குறுஞ்செய்தியும் அவர் இருக்குமிடத்தை அறிவித்தன. விமானங்கள் அவரைக் கண்டன. மூன்றாம் நாள் பிரான்சின் மீன்பிடிக் கண்காணிப்புக் கப்பலான ‘ஒசிறிஸ்’ அவரை மீட்டது. அதே புயலிற் பாய்மரம் இழந்த மற்றொரு போட்டியாளரான அயர்லாந்தின் கிறெகர் மக்கக்கின், தன் கலமே ஊனமுற்றிருந்த நிலையிலும், தற்காலிகப் பாயை உயர்த்தி ரொமியை நோக்கிச் செலுத்தினார் என்பதையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது.

கருவி இருப்பதால் மனிதன் துணிச்சல் மிகுந்து, செல்லத்தகாத கடலுக்கும் செல்கிறான், ஆகவே கருவியே ஆபத்தைப் பெருக்குகின்றது என வாதிடுவோர் உளர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பொத்தானை அழுத்தினால் எவரோ வருவார் என்ற எண்ணம், ஆயத்தத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடும். ஆனால் இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்ற ஒருவரைக் காண்போம். 1960இல் அத்திலாந்திக்கைத் தனியே கடக்கும் முதலாவது போட்டிக்கு வழிவகுத்த ‘புளொண்டி’ ஹஸ்லர், தனிப்பயணி இடருற்றால் மீட்புக்குழுவினரைத் தொல்லைப்படுத்துவதிலும் கண்ணியமாக மூழ்கிவிடுவதே மேல் என்னும் கருத்தைக் கூறியவர் என்பது கடலோடிகளிடையே பெயர்பெற்ற செய்தி. முதலில் இக்கருத்து என்னை ஈர்த்தது. இதில் ஒரு வீரம் உண்டு. பிறர் உயிரைப் பணயம் வைக்கமாட்டேன், என் விருப்பத்தின் விலையை நானே செலுத்துவேன் என்பது அறமற்ற பேச்சன்று.

ஆனால் இவ்விலக்கு செல்லுபடியாகுமா? கடனை மன்னிக்கும் உரிமை கடன் கொடுத்தவனுக்கு உண்டு. மீட்பு அத்தகைய கடனாயின், ‘எனக்கு வேண்டாம்’ என்று மூழ்குபவன் அதனை மன்னித்துவிடலாம். நண்பனின் தந்தையாரிடம் இதனையும் கேட்டுப் பார்த்தேன். தன்னைத் தேடவேண்டாம் என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு ஒருவன் கடலுக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்றேன். அவர் சிரித்தார். “எழுதினவன் எழுதட்டும். அவன் வராட்டில் நாங்கள் கரையிலை எப்பிடித் தம்பி சும்மா இருக்கிறது?” என்றார். கரையில் நிற்பவனின் கடமை மூழ்குபவனின் கையில் இல்லை. அது அவனுடைய சொந்த மனச்சாட்சியில் வேரூன்றியது. ஆதலால் ஹஸ்லரின் தனிப்பயணி எத்துணை கண்ணியமாக மூழ்கினாலும் வள்ளங்கள் புறப்படவே செய்யும். விளக்கில்லாத அவனை அவை இரண்டு இரவுகள் தேடும்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு 1979 ஓகஸ்டில் நிகழ்ந்த பாஸ்ற்நெற் பாய்க்கலப் போட்டியிலும் சிறந்த பாடம் கிடையாது. 303 கலங்கள் புறப்பட்ட அப்போட்டி அயர்லாந்துக் கடற்பரப்பில் பெரும்புயலிற் சிக்கியது. போட்டியாளர் பதினைவர் இறந்தனர். மாலுமிகள் அஞ்சிக் கைவிட்ட கலங்கள் இருபத்து நான்கு. அவற்றுள் பத்தொன்பது பின்னர் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. மிதக்கும் கலத்தை விட்டு, புயலிற் கவிழ்ந்தும் கிழிந்தும் போன சிறுதெப்பங்களில் ஏறியோருட் சிலர் அத்தெப்பங்களாலேயே மாண்டனர். கலம் முற்றாக மூழ்கும்வரை அதனைவிட்டு இறங்காதே என்னும் பாடத்தைக் கடலோடிகள் அன்று மீண்டும் கற்றனர். தெப்பம் விலைகொடுத்து வாங்கக்கூடியது. எப்போது அதனைத் தொடலாகாது என்னும் அறிவு அத்தகையதன்று.

இவற்றினும் துயரமானது டொனால்ட் குறோகேர்ஸ்ற் என்பவரின் வரலாறு. 1968இல் நடந்த முதலாவது ‘கோல்டன் குளோப்’ போட்டியில், அனுமதிக்கப்பட்ட இறுதி நாளான ஒக்ரோபர் 31ஆந் திகதி, முடிவுறாத வேலைகளோடு அவர் புறப்பட்டார். கலம் கவிழ்ந்தால் தானே விரிந்து அதனை நிமிர்த்தவல்ல காற்றுப்பையொன்று பாய்மரத்தின் உச்சியிற் கட்டப்பட்டிருந்தது. அதனை இயக்கவேண்டிய கருவி முடிக்கப்படவில்லை. கலத்தினுள் ஓடிய மின்கம்பிகள் எதனோடும் இணைக்கப்படாமற் கிடந்தன. காண்போர் கண்ணுக்குக் காவல், உள்ளே ஒன்றுமில்லை. தென்கடலுக்குச் செல்லும் துணிவும் திரும்பிவரும் துணிவும் அற்று, அத்திலாந்திக்கிலேயே சுற்றியபடி, உலகைச் சுற்றுவதாக வானொலியிற் பொய்யான செய்திகளை அனுப்பினார். தன்னைப் பிறர் கண்டுகொள்வதற்கான கருவியைத் தன்னை மறைப்பதற்குப் பயன்படுத்தினார். அப்பொய்யை நம்பி, பின்னால் ஒருவர் விரைந்து வருகிறார் என எண்ணித் தன் பழுதுற்ற கலத்தை வருத்தி ஓட்டிய நைஜல் ரெற்லி, 1969 மே மாதத்தில் கலத்தை இழந்து தெப்பத்தில் ஏறி உயிர்தப்பினார். குறோகேர்ஸ்றின் கலம் 1969 யூலை 10ஆந் திகதி ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்டது. அவரை இகழ எனக்கு மனம் வரவில்லை. கடன்பட்டவர், கரையில் எல்லோரும் கையசைத்து அனுப்பியவர். ஆனால் பிழைப்புக்காகச் செல்பவனுக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அது போகாதிருக்கும் சுதந்திரம். வாடைக்காலத்திலும் உலை கொதிக்கவேண்டிய வீட்டிலிருந்து வள்ளம் தள்ளுபவனுக்கு அது கிடையாது. இன்பத்துக்காகச் செல்பவனின் முதலாவது பாதுகாப்புச் சாதனம், புறப்படும் நாளைத் தள்ளிவைக்க அவனுக்குள்ள உரிமையே எனலாம்.

ஆயத்தமின்றிச் சென்றவன் மீட்கப்படத் தகுதியற்றவன் என்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டலாகாது. எமது இலக்கியத்தில் தகுதி பார்த்துக் காத்த கடற்றெய்வம் உண்டு. சிலப்பதிகாரத்திலே கோவலனின் முன்னோன் ஒருவன் கலமுடைந்து கடலில் தத்தளித்தபோது, அவன் செய்த தானத்தின் பயனை எண்ணி மணிமேகலாதெய்வம் அவனைக் கரைசேர்த்தது. அந்நன்றியாலேயே கோவலன் மகளுக்கு அப்பெயர் இடப்பட்டது. அறம் செய்தவனைத் தெய்வம் காக்கும் என்பது ஆறுதலான எண்ணம். தானம் செய்யாதவன் என்ன ஆவான் என்பது அங்கே கேட்கப்படவில்லை. மனிதர் வகுத்த கடற்சட்டம் இவ்விடத்தில் தெய்வத்தையும் விஞ்சி நிற்கின்றது. 1979ஆம் ஆண்டின் கடல்சார் தேடல் மீட்பு உடன்படிக்கை, இடருற்றவரின் நாட்டையோ நிலையையோ அவர் காணப்பட்ட சூழலையோ பாராமல் உதவவேண்டும் என விதிக்கின்றது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையும் தன் கப்பலுக்குப் பெரும் ஆபத்தின்றி இயலுமளவும் உதவுவதைக் கப்பற்றலைவனின் கடமையாக்குகின்றது. மூடனும் அறிவாளியும் அதன்முன் ஒன்றே.

இதனை எமது கரை நூலிலிருந்து கற்கவில்லை. 2024 டிசெம்பர் 19ஆந் திகதி, மியன்மாரிலிருந்து வந்த நூற்றுக்கு மேற்பட்ட றோகிஞ்சா அகதிகளைச் சுமந்த படகொன்று முள்ளிவாய்க்காற் கடலில் மீனவர் கண்ணிற் பட்டது. அதிற் குழந்தைகளும் இருந்தனர். உயிர்காப்பு ஏற்பாடு எதுவும் உண்டா, அனுமதி உண்டா, ஏன் வந்தீர்கள் என்ற வினாக்கள் பின்னர் அலுவலகங்களிற் கேட்கப்பட்டிருக்கலாம். கரையில் நின்றவர்கள் முதலிற் கண்டது மனிதரை. 2009இன் முதல் மாதங்களில், காயமுற்றோரை ஏற்றச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய கப்பல் தெரிகிறதா என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்த கரை இது என்பதை வாசகர் அறிவர். அதற்குமேல் இங்கே எழுத எனக்கு இயலவில்லை.

அவ்வகதிகளுக்கும் இன்பப் பயணிக்கும் மீட்கப்படும் உரிமை சமம். ஆனால் இருவரிடமும் நாம் முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்கது சமமன்று. விளக்கு வாங்க இயலாதவனிடம் விளக்குக் கேட்பது கொடுமை. வாங்க வல்லவன், புறப்படுவதைத் தள்ளிவைக்கவும் வல்லவன், விளக்கின்றிச் செல்வது வேறு. எந்நேரமும் கதவடைக்க அறியாத வீடொன்று ஊரில் இருக்குமாயின், அவ்வீட்டுக்குச் செல்பவன் எவ்வளவு கூச்சத்தோடு செல்லவேண்டும்! கடலின் கதவு எவருக்கும் அடைக்கப்படாதது என்பதே, அதனை விளையாட்டாகத் தட்டுபவனின் பொறுப்பைக் கூட்டுகின்றது. மீட்புக்கான செலவை அவனிடம் அறவிடவேண்டும் என்று சிலர் கூறுவர். 1997இல் கவிழ்ந்த கலத்துக்குள் நான்கு நாட்கள் உயிரோடிருந்த ரொனி புல்லிமோரை அவுஸ்திரேலியக் கடற்படை மீட்டபோதும் இவ்விவாதம் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விலைப்பட்டியலுக்கு அஞ்சி ஒருவன் பொத்தானை அழுத்தத் தாமதித்தால், அத்தாமதத்தின் சுமையும் தேடுபவன்மேலேயே விழும்.

சென்ற வைகாசியில் தீர்த்தமெடுக்கும் நாளன்று சிலாவத்தைக்குச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் நண்பனின் வீட்டுக்குப் போனபோது, தந்தையார் மறுநாளைக்கு வள்ளத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். இப்போது வள்ளத்தில் அங்கிகள் இரண்டு உண்டு. ஒன்றை அவர் மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். ரோச் லைற்றை இரண்டு பொலித்தீன் பைகளுள் இட்டு, வாயை நூலால் இறுகக் கட்டி, அணியத்தின் உட்புறத்திற் பிணைத்தார். பின்னர் ஏதோ நினைத்தவராய் முடிச்சை மறுபடி அவிழ்த்து, கையால் மறைத்து, ஒருமுறை எரித்துப் பார்த்துவிட்டுக் கட்டினார். பற்றறியின் விலை கூடிவிட்டது என்று முறையிட்டார்.